கிடங்குக்கு 30 டேப்லெட்: ஆபீஸ் வைஃபையில் சேர்க்கலாமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில், பாய லேபாரில் ஆபீஸ், துவாஸில் கிடங்கு என்று இயங்கும் சரக்கு நிறுவனம். கிடங்கு ஊழியர்களுக்கும் லாரி ஓட்டுநர்களுக்குமாக 30 டேப்லெட் வாங்க முதலாளி சம்மதித்துவிட்டார். ஐடி வேலைக்கு நீங்கள் ஒருவர்தான். ஆபீஸ் வைஃபை பாஸ்வேர்டைப் போட்டு எல்லாவற்றையும் சேர்த்துவிடலாமா, ஷேர்ட் ஃபோல்டரும் பிரின்டரும் வேலை செய்யுமா, வெளியே போகும் டேப்லெட்டுக்கு விபிஎன் (இணையம் வழியாக ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் வரும் மறையாக்கப் பாதை) வேண்டுமா, மேலாளர்கள் சொந்த ஐபேடைக் கொண்டுவந்து நீட்டினால் என்ன செய்வது. இவைதானே?

சேர்க்காதீர்கள். டேப்லெட்டுகளுக்கென்று தனி நெட்வொர்க் போடுங்கள். அங்கிருந்து வேலைக்குத் தேவையான ஓரிரண்டு இடங்களுக்கு மட்டும் வழி விடுங்கள். டேப்லெட் வாங்குவதற்கு முன்பே எம்டிஎம், அதாவது அத்தனையையும் ஓரிடத்திலிருந்து நிர்வகிக்கும் மென்பொருள், எது என்று முடிவு செய்யுங்கள். இந்த இரண்டும் ஒழுங்காக அமைந்துவிட்டால் மற்ற கேள்விகளில் பாதி தானாகவே அடங்கிவிடும்.

ஆபீஸ் கணினி பூட்டிய அறைக்குள் இருக்கிறது. டேப்லெட் லாரியின் டேஷ்போர்டில் கிடக்கும், ஓட்டுநர் சாப்பிடப் போன காப்பிக்கடை மேசையில் கிடக்கும், இரவு ஷிப்டில் யார் கையில் இருக்கிறது என்றே சொல்ல முடியாது. அப்படிப்பட்ட ஒன்று கணக்குப் பிரிவின் கணினிகளும் சம்பள சர்வரும் இருக்கும் அதே நெட்வொர்க்கில் ஏன் இருக்க வேண்டும்? 2018இல் சிங்கப்பூரின் பொது மருத்துவமனைக் குழுமமான சிங்ஹெல்த்திலிருந்து 15 லட்சம் நோயாளிகளின் விவரங்கள் திருடுபோனது நினைவிருக்கும். அதில் டேப்லெட்டுக்குப் பங்கில்லை. ஆனால் விசாரணையில் வெளிவந்த வழித்தடம் எல்லா நிறுவனங்களுக்கும் பொருந்தும்: சாதாரணப் பணிக்கணினி ஒன்றில் புகுந்தவர்கள், உள்ளுக்குள்ளேயே ஒவ்வொரு இயந்திரமாகத் தாவித் தரவுத்தளம் வரை போய்விட்டார்கள். முதல் இயந்திரம் எது என்பதைவிட அங்கிருந்து எவ்வளவு தூரம் போக முடிகிறது என்பதுதான் விஷயம்.

சிறிய நிறுவனத்துக்கு இதற்காகப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. உங்களிடம் இருக்கும் ஸ்விட்சும் (கம்பி இணைப்புகளைச் சேர்க்கும் பெட்டி) ஆக்சஸ் பாயிண்டும் (வைஃபை அலை தரும் பெட்டி) வீட்டு உபயோக ரகமாக இல்லாவிட்டால், விலான், அதாவது அதே கருவிகளுக்குள் தனித்தனி நெட்வொர்க், பிரிக்கும் வசதி அதிலேயே இருக்கும். டேப்லெட்டுக்கு ஒரு விலான், அதற்கென ஒரு வைஃபை பெயர். நெட்வொர்க்குகளுக்கு இடையே காவல் நிற்கும் ஃபயர்வாலில் இணையத்துக்கு வழி, கிடங்கு மென்பொருளின் சர்வருக்கு 443 போர்ட்டில் (பாதுகாப்பான வலைப் போக்குவரத்துக்கான எண்ணிட்ட வாயில்) வழி, லேபிள் பிரின்டருக்கு வழி, அவ்வளவுதான். மற்ற எல்லாம் அடைப்பு. டேப்லெட்டும் டேப்லெட்டும் தங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டிய அவசியமும் இல்லை, அதையும் அடைத்துவிடுங்கள்.

அடுத்தது பாஸ்வேர்ட். எல்லோருக்கும் ஒரே வைஃபை பாஸ்வேர்ட் என்றால், ஒரே வாரத்தில் அது பாதிப் பேரின் சொந்த ஃபோனில் இருக்கும். யாராவது வேலையை விட்டுப் போனால் 30 டேப்லெட்டிலும் மாற்ற வேண்டும். யாரும் மாற்றப் போவதில்லை என்பது உங்களுக்கும் தெரியும். சரியான வழி என்டர்பிரைஸ் வகை வைஃபை. 802.1எக்ஸ் முறையில், ஒவ்வொரு டேப்லெட்டுக்கும் தனி டிஜிட்டல் சான்றிதழ் கொடுத்து, யாரை விடலாம் என்று முடிவு செய்யும் ரேடியஸ் சர்வர் அதைச் சரிபார்த்து உள்ளே விடுவது. சான்றிதழை எம்டிஎம் தானாகவே இறக்கிவிடும், பயன்படுத்துபவர் எதையும் தட்டச்சு செய்ய வேண்டாம். ஒரு டேப்லெட் தொலைந்தால் அதன் சான்றிதழை மட்டும் ரத்து செய்தால் போதும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சான்றிதழுக்குக் காலாவதித் தேதி உண்டு. புதுப்பிக்க இணையம் வேண்டும். கிடங்கு டேப்லெட்டில் சிம் இல்லை, வைஃபை மட்டும்தான் என்றால், சான்றிதழ் காலாவதியான அன்று டேப்லெட் வைஃபையிலிருந்து விழுந்துவிடும், வைஃபை இல்லாததால் புதிய சான்றிதழையும் வாங்க முடியாது. தீபாவளி விடுமுறைக்குப் பூட்டி வைத்த டேப்லெட் திரும்ப எடுக்கும்போது மௌனம் சாதிப்பது பெரும்பாலும் இதனால்தான். ஆயுள் முடிய ஒரு மாதம் இருக்கும்போதே புதுப்பிக்கும்படி எம்டிஎம்மில் அமையுங்கள். கூடவே, இணையத்துக்கும் எம்டிஎம்முக்கும் மட்டும் வழியுள்ள ஒரு அவசர வைஃபையை வைத்திருங்கள்.

ஆண்ட்ராய்டு வாங்கினால் இன்னொன்று. பழைய வழிகாட்டிகளில், சர்வர் சான்றிதழ் கேட்குமிடத்தில் 'சரிபார்க்க வேண்டாம்' என்று தேர்ந்தெடுக்கச் சொல்லியிருப்பார்கள். ஆண்ட்ராய்டு 11க்கு 2020 டிசம்பரில் வந்த புதுப்பிப்பிலிருந்து அந்தத் தேர்வையே எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். எடுத்தது நல்லதுதான், யார் வேண்டுமானாலும் உங்கள் வைஃபை பெயரில் போலி ஆக்சஸ் பாயிண்ட் வைத்துப் பாஸ்வேர்டைப் பிடிக்க வழி செய்த தேர்வு அது. ஆனால் ரேடியஸ் சர்வரின் மூலச் சான்றிதழையும் அதன் பெயரையும் நீங்கள் முறையாக இறக்கிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

மேக் முகவரியை, அதாவது ஒவ்வொரு கருவியின் நெட்வொர்க் அடையாள எண்ணை, பட்டியலிட்டு அனுமதிக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். அந்தக் காலம் போய்விட்டது. ஆண்ட்ராய்டு 10உம் ஐஓஎஸ் 14உம் வந்ததிலிருந்து டேப்லெட் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு பொய் முகவரியைக் காட்டுகிறது. தனிமனித அந்தரங்கத்துக்கு நல்லது, உங்கள் பட்டியலுக்குக் கேடு. கம்பெனி வைஃபையில் மட்டும் அதை அணைத்து வைக்க எம்டிஎம்மில் வசதி இருக்கிறது. அணைத்தாலும் மேக் முகவரியைப் பாதுகாப்பாக நம்பாதீர்கள், எந்த டேப்லெட் எங்கே என்று அடையாளம் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எம்டிஎம்முக்கு வருகிறேன். இன்ட்யூன், ஜாம்ஃப், ஒர்க்ஸ்பேஸ் ஒன் என்று பல இருக்கின்றன. ஏற்கெனவே மைக்ரோசாஃப்ட் 365 பிசினஸ் பிரீமியம் எடுத்திருந்தால் இன்ட்யூன் அதற்குள்ளேயே வருகிறது, தனியாக ஒரு வெள்ளிகூடச் செலவழிக்க வேண்டாம். எதை எடுத்தாலும் டேப்லெட்டை வாங்கும் வழிதான் முக்கியம். ஐபேட் என்றால் முதலில் ஆப்பிள் பிசினஸ் மேனேஜரில் நிறுவனத்தைப் பதிவு செய்யுங்கள், இலவசம்தான். பிறகு அந்தக் கணக்கில் சாதனங்களை ஏற்றித் தரக்கூடிய விற்பனையாளரிடம் வாங்குங்கள். பெட்டியைத் திறந்து வைஃபையில் இணைத்ததும் ஐபேட் தானாகவே உங்கள் எம்டிஎம்மில் போய் நிற்கும். முழுதாக அழித்தாலும் மறுபடி அங்கேயே வந்து நிற்கும். திருடியவனுக்கு அது ஒரு கண்ணாடித் தட்டு.

எங்கே மலிவோ அங்கே சில்லறையாக வாங்கிவிட்டால்? அப்போதும் ஆப்பிள் கான்ஃபிகரேட்டர் மூலம் ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். ஆனால் அப்படிச் சேர்த்ததைப் பயன்படுத்துபவர் முதல் 30 நாள்களுக்குள் தானே கழற்றிவிட முடியும். ஆண்ட்ராய்டில் இதே வேலையைச் சாம்சங் நாக்ஸும் கூகுளின் ஜீரோ டச் முறையும் செய்கின்றன. பெயர் தெரியாத மலிவு ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகளில் பலவற்றுக்குக் கூகுளின் சான்று இருக்காது. அது இல்லாவிட்டால் நிர்வகிக்கப்படும் பிளே ஸ்டோரும் இல்லை, பாதுகாப்புப் புதுப்பிப்பு எத்தனை ஆண்டு வரும் என்பதற்கும் உத்தரவாதமில்லை. முதலாளி விலைப்பட்டியலைக் காட்டும்போது இதைச் சொல்லுங்கள்.

ஐபேடை நிர்வகிக்கும் எம்டிஎம்முக்கு, அதன் கட்டளை ஐபேடுக்குப் போய்ச் சேர, ஆப்பிளின் புஷ் சான்றிதழ் ஒன்று தேவை. அதை ஆண்டுக்கு ஒரு முறை, அதை முதலில் எடுத்த அதே ஆப்பிள் கணக்கிலிருந்து புதுப்பிக்க வேண்டும். அந்தக் கணக்கு கைநழுவி, புதிதாக ஒரு சான்றிதழ் எடுத்தால் அத்தனை ஐபேடையும் திரும்பப் பதிவு செய்ய வேண்டிவரும். நான் வேலைக்குப் போன ஓரிடத்தில், ஐடி ஆள் தன் சொந்த மின்னஞ்சலில் அதை எடுத்துவிட்டு, ராஜினாமா செய்துவிட்டு ஊருக்கே போய்விட்டார். அவரைத் தேடிப் பிடித்து, அவர் பழைய ஃபோனுக்கு வரும் குறியீட்டைக் கேட்டு வாங்கித்தான் நிலைமை மீண்டது. தனிப்பட்ட பெயர் இல்லாத, கம்பெனிக்குச் சொந்தமான ஒரு மின்னஞ்சலில் எடுங்கள். தேதியை முதலாளியின் நாள்காட்டியிலும் குறித்து வையுங்கள்.

ஃபயர்வாலையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆப்பிளின் புஷ் சேவை 5223 போர்ட்டில் பேசும், அது அடைபட்டால் 443க்கு வரும். கூகுளினுடையது 5228 முதல் 5230 வரை. இவை எல்லாமே அடைபட்டிருந்தால் எம்டிஎம்மிலிருந்து அனுப்பும் கட்டளை டேப்லெட்டுக்குப் போய்ச் சேராது, நீங்கள் எம்டிஎம் விற்றவரைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். ஃபயர்வாலில் மறையாக்கப் போக்குவரத்தைப் பிரித்துப் பார்க்கும் வசதி இருந்தால், ஆப்பிள், கூகுள் சேவைகளை அதிலிருந்து விலக்கிவிடுங்கள். இடையில் யாரோ பார்ப்பது தெரிந்ததும் அவை இணைப்பையே துண்டித்துவிடும்.

ஷேர்ட் ஃபோல்டர் விஷயம். ஐபேடில் 2019இல் வந்த ஐபேட்ஓஎஸ் 13 முதல், ஃபைல்ஸ் செயலியிலேயே விண்டோஸ் ஷேர்ட் ஃபோல்டரைத் திறக்கலாம். முடியும் என்பதற்காகச் செய்யாதீர்கள். அதற்காக ஃபைல் சர்வரைத் திறந்துவிட்டால் தனி நெட்வொர்க் போட்ட பயனே போச்சு. தேவையான கோப்புகளை ஷேர்பாயிண்ட், ஒன்டிரைவ் போன்ற இடத்துக்கு நகர்த்துங்கள். அப்புறம், கிடங்கில் யாரோ ஒருவர் பல வருஷமாக வளர்த்து வைத்திருக்கும் எக்செல் ஒன்று இருக்குமே, பொத்தானை அழுத்தினால் இருப்புக் கணக்கு வரும்படி மேக்ரோ எழுதியது? டேப்லெட் எக்செலில் மேக்ரோ ஓடாது, ஐபேடிலும் சரி, ஆண்ட்ராய்டிலும் சரி. எல்லாம் வாங்கி முடித்த பிறகு இது தெரியவந்தால் பழி உங்கள் மேல்தான் விழும். வாங்குவதற்கு முன்பே கிடங்கு மேற்பார்வையாளரோடு உட்கார்ந்து, அவர் தினமும் திறக்கும் கோப்புகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

பிரின்டர் தெரியவில்லை என்ற புகார் நிச்சயம் வரும். ஐபேடின் அச்சு வசதியான ஏர்பிரின்ட் பிரின்டரைக் கண்டுபிடிக்க அனுப்பும் அழைப்பு அந்த விலானுக்குள்ளேயே நின்றுவிடும், அடுத்த விலானுக்குத் தாண்டாது. உடனே பிரின்டரையும் டேப்லெட்டையும் ஒரே நெட்வொர்க்கில் போடும் ஆசை வரும், வேண்டாம். ஆக்சஸ் பாயிண்டுகளை நிர்வகிக்கும் வைஃபை கன்ட்ரோலரில், பான்ஜூர் எனப்படும் அந்த அழைப்பைக் கடத்திக் கொடுக்கும் வசதி இருந்தால் அதைப் போடுங்கள். இல்லாவிட்டால் பிரின்டரின் ஐபி முகவரியை எம்டிஎம் மூலமே ஐபேடுக்குச் சொல்லிவிடலாம். கிடங்கில் ஒட்டும் லேபிளுக்கு மட்டும் என்றால் இடுப்பில் மாட்டும் ப்ளூடூத் பிரின்டர் போதும், நெட்வொர்க் தலைவலியே இல்லை.

கிடங்கு வைஃபையைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இத்தனையும் சரியாகச் செய்தும் திட்டங்கள் கவிழ்வது இங்கேதான். ஆபீஸ் மடிக்கணினி ஓரிடத்தில் இருக்கிறது. கிடங்கு டேப்லெட் நடந்துகொண்டே, ஃபோர்க்லிஃப்ட்டில் என்றால் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒரு ஆக்சஸ் பாயிண்டை விட்டு இன்னொன்றுக்கு எப்போது மாறுவது என்பதை முடிவு செய்வது வைஃபை அல்ல, டேப்லெட். ஐபேட் சிக்னல் மைனஸ் 70 டிபிஎம்முக்குக் (சிக்னல் பலத்தின் அளவு, பூஜ்யத்தை நெருங்க நெருங்கப் பலம்) கீழே போன பிறகுதான் அடுத்ததைத் தேடவே தொடங்கும். ஆகவே ஆக்சஸ் பாயிண்டுகளை வைக்கும்போது, ஒன்று மைனஸ் 67க்கு மங்கும் இடத்தில் அடுத்தது பலமாகக் கிடைக்க வேண்டும். முழு சக்தியில் வைத்தால் நல்லது என்று நினைக்காதீர்கள். தூரத்து ஆக்சஸ் பாயிண்டின் குரல் டேப்லெட்டுக்குக் கேட்கும், டேப்லெட்டின் மெல்லிய குரல் அதற்குக் கேட்காது. திரையில் வைஃபை குறி முழுதாக இருக்கும், ஸ்கேன் செய்தது மட்டும் சர்வருக்குப் போகாது.

உயரமான இரும்பு ரேக்குகளுக்கு இடையில் இது இன்னும் மோசம். காலியான கிடங்கில் அளந்து பார்த்துவிட்டு வந்த ஒப்பந்ததாரர் எல்லாம் அருமை என்பார். பிறகு ரேக்குகளில் தண்ணீர் பாட்டில் பெட்டிகளை அடுக்குவீர்கள். தண்ணீர் ரேடியோ அலைகளை உறிஞ்சிவிடும், இரும்பு திருப்பி அடிக்கும், நடுப்பாதையில் சிக்னல் செத்துவிடும். சரக்கு நிறைந்திருக்கும் நாளில் அளக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு பாதைக்கும் மேலே, பாதை நீளத்துக்கு அலையைச் செலுத்தும் திசை ஆன்டெனாக்கள் பெரும்பாலும் வேலைக்காகும். ஆக்சஸ் பாயிண்ட் மாறுவதை எளிதாக்கும் 802.11ஆர், கே, வி ஆகிய மூன்றும் இயக்கத்தில் இருக்கட்டும், சான்றிதழ் முறை வைஃபையில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரேடியஸ் வரை போய்வரும் தாமதத்தை 'ஆர்' தவிர்த்துவிடும். ஆனால் பழைய பார்கோடு ஸ்கேனர்கள் அதே வைஃபையில் இருந்தால், சில அதனாலேயே இணைய மறுக்கும். அவற்றுக்கு வேறு வைஃபை பெயர் கொடுங்கள்.

வெளியே போகும் டேப்லெட்டுக்குச் சிம் போட்டுவிடுங்கள். உள்ளூர்த் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் 2024இல் 3ஜியை நிறுத்திவிட்டன, ஆகவே இரண்டாங்கையாகப் பழைய தொழில்துறை டேப்லெட் வாங்கினால் 4ஜி இருக்கிறதா என்று பாருங்கள். பொது இடங்களில் கிடைக்கும் ஒயர்லெஸ்@எஸ்ஜி வைஃபை இலவசம்தானே என்று ஓட்டுநரை அதை நம்பவிடாதீர்கள். சிம்மை வைத்தே அடையாளம் பார்க்கும் ஒயர்லெஸ்@எஸ்ஜிஎக்ஸ் பரவாயில்லை, ஆனால் சரக்கு இறக்கும் இடத்தில் எதுவுமே எட்டாது.

முழு விபிஎன் எனக்குப் பிடிக்காது. டேப்லெட் முழுவதையும் ஆபீஸுக்குள் இழுத்து வருகிறது. பேட்டரியையும் சேர்த்து இழுக்கிறது. உங்கள் டெலிவரி செயலி இணையத்திலேயே இயங்குவது என்றால் விபிஎன் தேவையே இல்லை, இரட்டைச் சரிபார்ப்பும், எம்டிஎம்மில் பதிவான டேப்லெட்டிலிருந்து மட்டுமே நுழையலாம் என்ற நிபந்தனையும் போதும். உள் சர்வரில்தான் இருக்கிறது என்றால் அந்த ஒரு செயலிக்கு மட்டும் விபிஎன் போடுங்கள், இரண்டு வகை டேப்லெட்டிலும் முடியும். பழைய விண்டோஸ் மென்பொருளை ரிமோட் டெஸ்க்டாப்பில் திறந்து கொடுக்கலாமா என்று கேட்பீர்கள். திறக்கும். விசைப்பலகை பாதித் திரையை மறைக்க, விரல் நுனியைவிடச் சிறிய பெட்டிகளைத் தொட முயன்று ஓட்டுநர் ஒருநாள் டேப்லெட்டையே வீசிவிடுவார்.

ஓட்டுநர் கையில் இருப்பது வாடிக்கையாளர்களின் பெயர், முகவரி, தொலைபேசி எண், கையெழுத்து. எல்லாமே தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும். 2021 பிப்ரவரி 1 முதல், 500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டவர்களின் தரவு கசிந்தால், அல்லது எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் பெருந்தீங்கு விளையக்கூடியதாக இருந்தால், அப்படி என்று மதிப்பிட்ட 3 நாள்களுக்குள் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். ஆகவே டேப்லெட்டில் அன்றைய டெலிவரிக்கு மேல் எதுவும் தங்கக் கூடாது, தொலைந்தால் உடனே தூரத்திலிருந்து அழிக்க வேண்டும். திட்டுவார்களோ என்று பயந்து ஓட்டுநர் இரண்டு நாள் கழித்துச் சொல்வதுதான் பெரிய ஆபத்து. உடனே சொன்னவரைத் திட்ட மாட்டோம் என்று முதலாளியையே சொல்லவையுங்கள். இன்னொன்று, சரக்கைப் பெற்றவரின் அடையாள அட்டையைப் படம் எடுத்துவைக்கும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். சட்டம் கேட்காத இடத்தில் அந்த எண்ணை வாங்குவதோ அட்டையை நகலெடுப்பதோ பொதுவாகக் கூடாது என்ற நெறிமுறை 2019 செப்டம்பரிலிருந்தே நடப்பில் இருக்கிறது.

மேலாளர்களின் சொந்த ஐபேடுக்கு முழு எம்டிஎம் போடாதீர்கள், போடவும் விட மாட்டார்கள். குழந்தை படம் இருக்கும் கருவியை நீங்கள் அழித்துவிடலாம் என்றால் யார் ஒப்புவார்கள்? ஆண்ட்ராய்டில் ஒர்க் புரொஃபைல் வேலையையும் சொந்த விஷயத்தையும் தனித்தனியாக வைக்கும், ஐபேடில் யூசர் என்ரோல்மென்ட் அதையே செய்யும். வேலைப் பகுதியை மட்டும் நீங்கள் அழிக்கலாம், மற்றது உங்கள் கண்ணிலேயே படாது. வைஃபையில் அவர்களுக்கு விருந்தினர் நெட்வொர்க் போதும். மின்னஞ்சலும் கோப்பும் எப்படியும் இணையம் வழியாகத்தான் வருகின்றன. இயக்குநரே வந்து ஆபீஸ் வைஃபை கேட்டாலும் இதே பதில்தான், கொஞ்சம் பணிவாகச் சொல்லுங்கள்.

கடைசியாகப் பேட்டரி. சுவரில் மாட்டி 24 மணி நேரமும் சார்ஜில் இருக்கும் டேப்லெட்டின் பேட்டரி காலப்போக்கில் உப்பித் திரையைத் தூக்கிவிடும், நம்மூர் வெக்கையில் இன்னும் சீக்கிரமாக. ஃபோர்க்லிஃப்ட்டுக்கும் சுவருக்கும் பேட்டரியைக் கழற்றி மாற்றக்கூடிய கேலக்ஸி டேப் ஆக்டிவ் போன்ற முரட்டு ரகம் வாங்குங்கள், மேலாளர்களுக்கும் ஆபீஸுக்கும் ஐபேட். இரண்டு வகையையும் நிர்வகிப்பது கூடுதல் வேலைதான், ஆனால் இன்ட்யூன் போன்ற ஒரே எம்டிஎம் இரண்டையும் பார்த்துக்கொள்ளும்.

30ஐயும் ஒரே தடவையில் வாங்காதீர்கள். ஒவ்வொரு வகையிலும் இரண்டு வாங்கி, ஒன்றைக் கிடங்கின் மிக நெருக்கடியான ஷிப்டுக்கும் மற்றொன்றை நீண்ட பாதையில் போகும் லாரிக்கும் கொடுங்கள். கையுறையோடு திரை வேலை செய்கிறதா, வெயிலில் எழுத்து தெரிகிறதா, சீனமும் தமிழும் வங்காளமும் பேசும் ஆட்கள் செயலியின் பொத்தான்களைப் புரிந்துகொள்கிறார்களா என்று அவர்களிடமே கேளுங்கள். ரேடியஸ் அமைப்பதில் எந்த நிறுவனத்தின் கன்ட்ரோலர் என்று சொன்னால் அதற்கான படிகளைத் தனியாக எழுதுகிறேன்.